முதலில் சான்றிதழ், பிறகு ஸ்டூல், கடைசியில் ஓவர்டைம்

கேள்வி: எங்க ஊர் கருங்கல் பக்கம். மார்த்தாண்டத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்ஷனில் நாலு வருஷம் மூணு மாசமா வேலை பார்க்கிறேன். பி.காம். படிச்சிருக்கேன். சம்பளம் 12,000. அதில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. என்று 2,970 ரூபாய் பிடிச்சிட்டு மீதியை 10, 12ஆம் தேதி போலத்தான் பேங்கில் போடுவாங்க. காலையில் 9 மணிக்குள்ள பஞ்ச் வைக்கணும். ராத்திரி 9 மணிக்குத்தான் விடுவாங்க. மத்தியானம் சாப்பிட அரை மணி நேரம், சாயங்காலம் சாயா குடிக்கப் பத்து நிமிஷம். கடையில் ஒரு ஆள்கூட இல்லாட்டாலும் உட்காரப்பிடாது. கேமராவில் பார்த்திட்டு 50 ரூபாய் ஃபைன் போடுவாங்க. அஞ்சு நிமிஷம் பிந்தினா அரை நாள் சம்பளம் போச்சு. போன மாசம் ஸ்டாக் எடுத்தப்போ துணி குறையுதுன்னு எங்க ஆறு பேருக்கும் ஆளுக்கு 1,850 பிடிச்சாங்க. ராத்திரி 11 மணிக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வரும், ஓகே போடாட்டா மறுநாள் ஏச்சு. கடை ஆஃபரை எங்க ஸ்டேட்டஸில் வைக்கணும். சேரும்போது வாங்கின பிளஸ் டூ, டிகிரி சான்றிதழும், கையெழுத்து மட்டும் போட்ட ஒரு செக்கும் முதலாளிகிட்ட இருக்கு. கேட்டா, "நாம எல்லாம் ஒரே குடும்பம். பிடிக்கலன்னா போ, வெளிய பத்து பேர் நிக்கிறாங்க" என்கிறார். நாங்க மொத்தம் 40 பேர். வேலையை விடவா, புகார் கொடுக்கவா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் கடிதத்தில் ஏழெட்டு விஷயங்கள் ஒன்றாகக் கிடக்கின்றன. சிலவற்றைக் கடைக்குள் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். சிலவற்றைக் கடையை விட்டு வந்த பிறகும் வசூலிக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் முதலாளி மேசையில் கொண்டுபோய்க் கொட்டுகிறவர்கள்தான் கடைசியில் வெறுங்கையோடு வெளியே வருகிறார்கள். எனவே ஒவ்வொன்றையும் மணிக்கணக்காகவும் ரூபாய்க்கணக்காகவும் மாற்றிப் பார்த்துவிட்டு, எதை எப்போது கேட்பது என்பதற்கு வருவோம்.

நேரத்தில் தொடங்கலாம். 9 முதல் 9 வரை 12 மணி நேரம். சாப்பாடும் சாயாவும் 40 நிமிடம் போனால் 11 மணி 20 நிமிடம். ஆறு நாளுக்கு 68 மணி நேரம். கடைகளுக்கு உரியது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். அதன்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. ஓவர்டைம் கொடுத்து வேலை வாங்கினாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணியைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து நான்கு மணி நேரம் வேலை வாங்கிவிட்டால் ஒரு மணி நேரம் ஓய்வு விட வேண்டும். உங்கள் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை அதிலேயே பாதிதான். வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை.

365 நாளும் கடை திறக்க அரசு அனுமதி கொடுத்திருக்கிறதே என்று முதலாளி சொல்லக்கூடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளுக்கு 2022இல் அப்படி ஓர் அனுமதி வந்தது உண்மை. ஆனால் அது கடைக்குக் கொடுத்த அனுமதி, ஆளுக்குக் கொடுத்தது அல்ல. சுழற்சி முறையில் ஒவ்வொருவருக்கும் வார விடுமுறை, இரவு 8 மணிக்கு மேல் பெண்கள் இருக்க வேண்டுமானால் அவர்களுடைய எழுத்துப்பூர்வச் சம்மதம், போதிய பாதுகாப்பு என்று அதிலேயே நிபந்தனைகள் உண்டு. நீங்கள் அப்படி ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இனிமேல் நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னொரு குழப்பமும் உலவுகிறது: "12 மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தாச்சு" என்பது. 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறிய அந்தத் திருத்தம் தொழிற்சாலைகளுக்கானது. அதையும் மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்துவிட்டார். ஜவுளிக்கடைக்கு அது எந்தக் காலத்திலும் பொருந்தியதில்லை.

இனி ரூபாய். 12,000ஐ 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 461.50. எட்டால் வகுத்தால் மணிக்கு 57.70. ஓவர்டைம் இரட்டிப்பு என்பதால் மணிக்கு 115.40. உங்களுக்கு நாளுக்கு மூன்று மணி 20 நிமிடம் கூடுதலாகிறது. அந்த 20 நிமிடத்தைத் தகராறுக்கென்று விட்டுவிட்டு மூன்று மணி என்றே வைத்தாலும் மாதம் 26 நாளுக்கு 78 மணி, அதாவது 9,000 ரூபாய். 12,000 ரூபாய்ச் சம்பளக்காரிக்கு மாதாமாதம் வர வேண்டிய 9,000 வராமலே போகிறது. 10 மணிக்கு மேல் வேலை வாங்கவே சட்டம் விடாதபோது அந்த நேரத்துக்குக் கூலி எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. வேலை வாங்கியவர் தடையை மீறினார் என்பதால் வேலை செய்தவருடைய கூலி மறைந்துவிடாது.

அடுத்தது உட்காருவது. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது இந்த வரிதான், ஏனென்றால் இதில் முதலாளிக்கு ஒரு பைசா லாபமும் இல்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் ஜவுளிக்கடைப் பெண்கள் இதற்காகவே போராடினார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்பால் அது செல்லாது என்ற பேச்சு 2021இல் முடிந்துவிட்டது. தமிழ்நாடு தன் கடைகள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார்ந்துகொள்ளும்படி எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது அது. ஆக, உட்கார்ந்ததற்கு ஃபைன் போடுவது சட்டம் கொடுத்ததைச் செய்ததற்குத் தண்டனை.

நின்றே கிடந்தால் கால் ரத்தக்குழாய்கள் புடைத்துச் சுருண்டுகொள்ளலாம். வெரிகோஸ் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். பாத்ரூம் போக விட மாட்டார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். கால் வீக்கம் இருந்தால் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். அது வைத்தியத்துக்கும் ஆகும், பின்னால் சாட்சியத்துக்கும் ஆகும். நோய்க்காலப் பணம் ஆண்டுக்கு 91 நாள் வரை, ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். அந்தப் பணம் வாங்கும் நாட்களில் உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது.

ஃபைன், பிந்தினால் பிடித்தம், ஸ்டாக் குறைவு: மூன்றையும் ஒரே பெயரில் "பிடித்தம்" என்பார்கள். சட்டத்துக்கு அவை மூன்று தனித்தனி விஷயங்கள். 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பழைய சட்டத்திலும் இந்த விதிகள் ஏறக்குறைய இப்படியேதான் இருந்தன.

எந்தெந்தச் செயலுக்கு ஃபைன் என்று ஒரு பட்டியல் இருக்க வேண்டும். அதற்கு அரசின் ஒப்புதல் வேண்டும், அதைக் கடையில் ஒட்டியிருக்க வேண்டும். போடுவதற்கு முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். மாதம் முழுவதும் சேர்த்தாலும் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அது 360 ரூபாய். தவணையாகப் பிடிக்கக் கூடாது, 90 நாள் கழிந்த பிறகும் பிடிக்கக் கூடாது. முதலாளிமார் பலருக்குத் தெரியாத ஒன்று: ஃபைன் பணம் கடைக் கல்லாவுக்குச் சேராது. பதிவேட்டில் எழுதி ஊழியர் நலனுக்கே செலவிட வேண்டும். "இந்த வருஷம் ஃபைன் பணத்தில் எங்களுக்கு என்ன வாங்கினீங்க சார்?" என்று சண்டைத் தொனி இல்லாமல் ஒருமுறை கேட்டாலே சில கடைகளில் ஃபைன் நின்றுபோகும்.

பிந்துவது வேறு. வராத நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கலாம், அந்த நேரத்தின் அளவுக்கு மட்டும். 461.50ஐ 480 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 96 பைசா. ஐந்து நிமிடத்துக்கு ஐந்து ரூபாய் பிடிக்க வேண்டியவர்கள் அரை நாள் என்று 230 ரூபாய் பிடிக்கிறார்கள்.

ஸ்டாக் குறைவுக்குப் பணம் பிடிக்க வேண்டுமானால் அந்தத் துணி உங்கள் பொறுப்பில் இருந்தது, உங்கள் கவனக்குறைவால் போனது என்று காட்டி, உங்களிடம் விளக்கமும் கேட்டிருக்க வேண்டும். ஆறு பேர் தலையில் சமமாகப் போடுவதே யார் தவறு என்று தெரியாது என்பதற்கு ஒப்புதல்தான். சேலை செக்ஷனில் கணக்கு இடிப்பது பெரும்பாலும் திருட்டால் இல்லை. கட்டுப் பிரிக்கும்போதே எண்ணாமல் வரவு வைத்திருப்பார்கள். ஒரே டிசைனுக்கு இரண்டு பார்கோடு இருக்கும். வாடிக்கையாளர் மாற்றிக்கொண்டுபோன சேலை ரேக்குக்குத் திரும்பும், கணினிக்குத் திரும்பாது. ஃபால்ஸ் அடிக்கப் போனது, பொம்மைக்குக் கட்டியது, இன்னொரு கிளைக்கு அவசரமாக அனுப்பியது என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண்ணிக்கையைத் தின்றிருக்கும். இன்றிலிருந்து ஒரு துண்டுத் தாள் வையுங்கள்: தேதி, செக்ஷனை விட்டு வெளியே போன சேலை, யார் கொண்டுபோனார், திரும்பிய நேரம். மாலையில் சூப்பர்வைசரிடம் ஒரு கையெழுத்து. அவர் போடாவிட்டால் அந்தத் தாளைப் படமெடுத்து அவருடைய எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அடுத்த ஸ்டாக் எடுப்பில் 1,850 என்று யாராவது சொன்னால் பேச உங்களிடம் ஒன்று இருக்கும். "குறைவுக்கு நான் பொறுப்பு" என்று எழுதிய தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம். கட்டாயப்படுத்தினால் "பிடித்ததை ஏற்கவில்லை" என்று கையெழுத்துக்கு மேலே எழுதிவிட்டுப் போடுங்கள்.

விற்பனை இலக்கு வைப்பது முதலாளியின் உரிமை. அதை எட்டவில்லை என்று சம்பளத்தில் கை வைக்க முடியாது. சட்டம் அனுமதித்த பிடித்தங்களில் அப்படி ஒன்று இல்லை.

பி.எஃப். கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முழுச் சம்பளத்துக்கும் கட்டினால் உங்கள் பங்கு 12 சதவீதம், 1,440. ஈ.எஸ்.ஐ.யில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், 90. ஆக மொத்தம் 1,530. உங்களிடம் 2,970 பிடிக்கிறார்கள். மிச்சம் சரியாக இன்னொரு 1,440. முதலாளி தன் பையிலிருந்து கட்ட வேண்டிய 12 சதவீதமும் உங்கள் சம்பளத்திலிருந்தே போகிறது என்றுதான் இந்த எண் சொல்கிறது. இது வெளிப்படையாகவே சட்டவிரோதம். உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. அரசின் உமங் செயலியில் உங்கள் பி.எஃப். அடையாள எண்ணான யு.ஏ.என். எண்ணைப் போட்டுப் பாஸ்புக்கைத் திறங்கள். மாதத்துக்கு மூன்று தொகை தெரிய வேண்டும்: ஊழியர் பங்கு 1,440, முதலாளி பங்கு 440, ஓய்வூதியம் 1,000. பின்னிரண்டும் சேர்ந்ததுதான் முதலாளியின் 1,440. பாஸ்புக் பக்கத்தையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வழக்கு அதிலேயே முடிந்தது. சம்பளச் சீட்டு தருவது கட்டாயம். தராவிட்டால் வங்கிக் கணக்கில் விழுந்த தொகையே பிடித்தத்தைக் காட்டிக்கொடுக்கும். பாஸ்புக்கில் பணமே ஏறவில்லை என்றால் அது இன்னும் பெரிய குற்றம், நாகர்கோவில் பி.எஃப். அலுவலகத்தில் உடனே எழுதிக் கொடுங்கள். மாதச் சம்பளம் மறுமாதம் 7ஆம் தேதி கடப்பதற்குள் வந்துவிட வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிடித்த பணம் போதாதென்று, வங்கியில் போட்டதில் ஒரு பகுதியைக் கையில் திருப்பிக் கேட்கும் பழக்கமும் சில கடைகளில் உண்டு. அப்படிக் கேட்டால் "கையில் இல்ல சார், ஜிபேயில் அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். அனுப்பினால் தடம் நிற்கும். வேண்டாம் என்றால் பணம் உங்களிடமே நிற்கும்.

இரவு வாட்ஸ்அப்புக்கு வருகிறேன். வேலை நேரத்துக்கு வெளியே போனை எடுக்காமல் இருக்கும் உரிமை என்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. அதனால் இதைச் சண்டையாக்காதீர்கள். குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டுக் காலையில் பஞ்ச் வைத்ததும் "பார்த்தேன்" என்று ஒரு வரி போடுங்கள். இரவில் வாடிக்கையாளருக்குப் படம் அனுப்பச் சொன்னாலோ, போன் போடச் சொன்னாலோ அது வேலை. எத்தனை நிமிடம் ஆனது என்று நோட்டில் ஏற்றுங்கள். ஸ்டேட்டஸ் விஷயத்தில் முடியாது என்று சொல்வதைவிட, அதைப் பார்ப்பவர்களில் கடைக்கு வரக்கூடியவர்கள் குறைவு, கடை எண்ணிலேயே போட்டால் நல்லது என்று சொல்வது எளிது. இதற்காக ஃபைன் போட்டால் மேலே சொன்ன ஃபைன் விதிதான்.

முதலாளி கேட்பது எல்லாமே அநியாயம் என்றும் இல்லை. சீருடை, வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைப்பது, முன்கூட்டியே சொல்லி ஓவர்டைமும் கொடுத்துத் தீபாவளி வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் கூட நிற்கச் சொல்வது, இதெல்லாம் தொழிலில் உள்ளதுதான். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காட்டுக் கொடைக்கும் ஆட்சியர் விடும் உள்ளூர் விடுமுறை தனியார் கடைக்குத் தானாகப் பொருந்தாது. அதை வைத்துச் சண்டை போட வேண்டாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும், கடை முன்கூட்டி அறிவிக்கும் ஐந்து பண்டிகை நாட்களும்தான் உங்களுக்குச் சட்டப்படி சம்பளத்தோடு கிடைக்கும் தேசிய, பண்டிகை விடுமுறை. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று நாள்.

இப்போது எதை எப்போது கேட்பது.

முதலில் சான்றிதழும் செக்கும். அவை அவர் பெட்டியில் இருக்கும்வரை நீங்கள் எதையும் நிமிர்ந்து கேட்க முடியாது, வேறு வேலைக்கும் போக முடியாது. உங்கள் அசல் சான்றிதழைப் பிடித்து வைக்க முதலாளிக்கு எந்தச் சட்டமும் அதிகாரம் கொடுக்கவில்லை. வாயால் ஒருமுறை கேளுங்கள். தராவிட்டால் பதிவும் டெலிவரிச் சான்றும் கேட்டு ஸ்பீட் போஸ்டில் இப்படி எழுதுங்கள்: "நான் வேலையில் சேர்ந்தபோது என் பிளஸ் டூ, பட்டப்படிப்பு அசல் சான்றிதழ்களையும், இன்ன வங்கியின் இன்ன எண் கொண்ட, தொகையும் தேதியும் எழுதாத காசோலை ஒன்றையும் தங்களிடம் கொடுத்தேன். தங்களுக்கு நான் பணம் எதுவும் தர வேண்டியதில்லை. என் சொந்தத் தேவைக்கு அவை வேண்டியிருப்பதால் ஏழு நாட்களுக்குள் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்." புகார், சட்டம், வழக்கு என்ற சொற்கள் இந்தக் கடிதத்தில் வரக் கூடாது. காசோலை பற்றிய வரிதான் இதன் உயிர். பின்னால் அதில் ஒரு தொகையை எழுதி வங்கியில் போட்டால், கடன் இல்லை என்று நீங்கள் முன்பே சொன்னதற்கு இது சாட்சி. எண் நினைவில்லையா? அந்தக் காசோலைப் புத்தகத்தின் மற்ற தாள்களைப் பாருங்கள், இடையில் விடுபட்ட எண் அதுதான். ஏழு நாளில் வராவிட்டால் கடிதத்தின் நகலோடு காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள், அல்லது திங்கள்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் கொடுங்கள்.

கடிதம் போகும் அன்றே நோட்டும் தொடங்க வேண்டும். நாளுக்கு ஒரு வரி: தேதி, பஞ்ச் வைத்த நேரம், வெளியே வந்த நேரம், சாப்பாட்டு இடைவேளை, ஃபைன் அல்லது பிடித்தம், சொன்னது யார். அன்றன்றைக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தை ஒரே உட்காரலில் ஒரே பேனாவால் எழுதினால் பார்த்ததுமே தெரிந்துவிடும். பஸ் டிக்கெட்டில் நேரம் அச்சாகியிருந்தால் எறியாதீர்கள். கூகுள் மேப்ஸில் டைம்லைனைப் போட்டு வைத்து மாதக் கடைசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குரூப்பை எக்ஸ்போர்ட் சாட் கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். கடையின் பில் புத்தகத்தையும் கணினித் திரையையும் மட்டும் படமெடுக்காதீர்கள். திருட்டுப் பட்டம் கட்ட அது ஒன்று போதும். கடைப் பதிவேட்டில் உங்கள் வேலை நேரம் பெரும்பாலும் எட்டு மணி என்றே எழுதப்பட்டிருக்கும். ஆய்வாளர் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போகும்போது எதிரே நிற்கப் போவது உங்கள் நோட்டுதான். இன்னும் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக எழுதி, நேரங்களும் பொருந்தினால் அதன் பலம் பல மடங்கு.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு ஸ்டூலையும் ஃபைனையும் கேளுங்கள். இவை வேலையில் இருக்கும்போது மட்டும் பயன்படுபவை. விட்டுப்போன பிறகு ஸ்டூல் எதற்கு? முதலாளிக்குச் செலவும் குறைவு, எனவே இறங்கி வருவார். செக்ஷனுக்கு இரண்டு ஸ்டூல், ஆள் இல்லாதபோது மாறி மாறிப் பத்து நிமிடம், வாடிக்கையாளர் படியேறினால் எழுந்துவிடுவோம் என்று நடைமுறையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான்கு பேர் சேர்ந்து போங்கள், சூப்பர்வைசரை முன்னால் வைத்துக்கொண்டு. காலமும் முக்கியம். "வெளிய பத்து பேர் நிக்கிறாங்க" என்பதில் பாதி உண்மை. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலில் நின்ற மாவட்டம் நம்முடைய கன்னியாகுமரி. பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இங்கே பஞ்சமில்லை. மறுபாதியை முதலாளியும் அறிவார். ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று நம் பக்கத்துக் கடைகளில் சீசன் தொடர்ந்து நான்கு மாதம் ஓடும். பட்டுச் சேலையை மடிப்புக் கலையாமல் விரித்துக் காட்டி, விலை கேட்டு முகம் சுளிக்கிறவரை அடுத்த ரேக்குக்கு அழைத்துப் போகத் தெரிந்த கையை அந்த நேரத்தில் அவர் இழக்க மாட்டார். ஆடித் தள்ளுபடி முடிந்து ஓணச் சரக்கு இறங்கும் வாரம் கேளுங்கள். ஜனவரியில் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

ஓவர்டைமும் பி.எஃப். கூடுதல் பிடித்தமும் கடைசியில். இவற்றில்தான் முதலாளிக்குப் பெரிய தொகை போகும், இவற்றுக்குத்தான் ஆளைத் துரத்துவார். அவசரமும் இல்லை. ஊதியக் கோரிக்கையைப் புதிய சட்டத்தொகுப்பின்படி மூன்று ஆண்டுக்குள் கொடுக்கலாம். கேட்ட தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் அதிகாரிக்கு வழி இருக்கிறது. பணம் கொடுத்தாயிற்று என்று நிரூபிக்கும் சுமையும் முதலாளியுடையது. மனு தொழிலாளர் துறைக்கு, நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு. வேலையில் இருந்துகொண்டே கொடுப்பதானால் கடையின் வேலை நேரம், இருக்கை, ஃபைன் என்று பொதுவாக எழுதி, பெயரை வெளியிட வேண்டாம் என்றும் குறிப்பிடுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. குழித்துறை நீதிமன்றத்திலுள்ள வட்டச் சட்டப்பணிகள் குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். தொலைபேசியில் கேட்க 15100.

பொறுத்திருக்க இன்னொரு காரணமும் உண்டு. ஐந்து ஆண்டு முடிந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடைக்கும்: ஆண்டுக்கு 15 நாள் சம்பளம். 12,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குப் போட்டால் 34,615 ரூபாய். உங்களுக்கு இன்னும் ஒன்பது மாதம்தான் பாக்கி. கோபத்தில் இப்போது எழுதிக் கொடுக்கும் ராஜினாமாவுக்கு விலை அது.

அதற்குள் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டால்? "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்ற தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால்தான் கணக்கை முடிப்பேன் என்பார்கள். போடாதீர்கள். மறுநாள் வழக்கம்போல 9 மணிக்குப் போய் வாசலில் நில்லுங்கள். உள்ளே விடாவிட்டால் அங்கிருந்தே முதலாளி எண்ணுக்கு, "இன்று காலை 9 மணிக்கு வேலைக்கு வந்தேன், உள்ளே விடவில்லை" என்று செய்தி அனுப்பிவிட்டு, அதையே பதிவு கேட்டு ஸ்பீட் போஸ்டிலும் போடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை பார்த்த ஒருவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல், அல்லது அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளமும் இல்லாமல், நீக்கக் கூடாது என்பது கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவு. குற்றம் சாட்டி நீக்குவதானால் விசாரித்து நிரூபித்திருக்க வேண்டும். இதற்கு மேல்முறையீடு தொழிலாளர் துணை ஆணையரிடம், 30 நாளுக்குள். மேலே சொன்ன மூன்று ஆண்டு இதற்குக் கிடையாது. நாட்களை வாசலில் நின்ற அன்றிலிருந்தே எண்ணத் தொடங்குங்கள்.